மாநாடு முடிந்த மறுநாள்

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் ஊர் எப்படியிருக்கும் என்பதைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் நன்கறிவர். முதல்நாள் வரை வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் வரிசை பிடித்திருந்த கோயில் திடல் வெறிச்சோடிக் கிடக்கும். தோரணம் வாடித் தொங்கும். வந்த உறவினர் பேருந்து ஏறிவிடுவர். ஆயினும் எல்லாமே போய்விடுவதில்லை. திருவிழாவை முன்னிட்டுச் செப்பனிட்ட பாதையும், புதிதாய் இழுத்த தண்ணீர்க் குழாயும், ஊரார் பணத்தில் எழுப்பிய மண்டபமும் அங்கேயே நிற்கும். திருவிழாவினால் ஊருக்கு விளைந்த பயன் யாது என்பதை அந்த மறுநாள் காலையில்தான் அளந்து பார்க்க இயலும்.

உலகப் பெருமாநாடுகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். பல நாட்டுப் பேராளர் ஒரு நகரில் சில நாள் கூடிக் கலைகின்றனர். அவர்களை வரவேற்க நகரங்கள் போட்டியிடுகின்றன. 'சுற்றுலா வளரும், நகரின் பெயர் பரவும்' என்பது அந்நகரங்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வது தகும்.

பேராளரும் சுற்றுலாப் பயணியும்

மாநாடுகளைத் தேடி அழைப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1896ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வணிகர்கள், மாநாடுகளைத் தங்கள் நகருக்கு வரவழைப்பதற்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். சிங்கப்பூரில் இப்பணிக்கு 1974இல் ஒரு பணியகம் அமைந்தது. மலேசியாவில் 2009இல் அமைந்தது. சிங்கப்பூரின் சன்டெக் மாநாட்டு மண்டபம் 1995இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் உலக வணிக நிறுவனத்தின் முதல் அமைச்சர் மாநாடு சிங்கப்பூரில் கூடியது. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை அடுத்துள்ள மாநாட்டு மையம் 2005இல் திறக்கப்பட்டது.

பேராளரை இவ்வளவு முயன்று அழைப்பதற்குக் காரணம் உண்டு. விடுமுறைக்கு வரும் பயணி தன் சொந்தப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகிறான். பேராளரின் விடுதிக் கட்டணத்தையும் பயணச் செலவையும் பெரும்பாலும் அவரை அனுப்பிய நிறுவனமே ஏற்கிறது. எனவே நாளொன்றுக்கு அவரால் நகருக்கு வரும் பணம் மிகுதி. மேலும், விடுமுறைப் பயணிகள் வராத மாதங்களிலும் வார நாள்களிலும் மாநாடு நடத்தலாம். காலியாய்க் கிடக்கும் அறைகள் நிரம்பும். பேராளருள் சிலர் மாநாட்டுக்குப் பின் இரண்டொரு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பர். சிலர் பின்னொரு நாள் குடும்பத்தோடு திரும்பி வருவர்.

லங்காவித் தீவை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1987இல் அது தீர்வையில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டது. 1989 அக்டோபரில் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்களின் மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது, தலைவர்கள் இடையில் லங்காவிக்குச் சென்று தங்கினர். சுற்றுச்சூழல் குறித்து அங்கு அவர்கள் வெளியிட்ட பிரகடனம் 'லங்காவிப் பிரகடனம்' என்றே பெயர் பெற்றது. தீவின் பெயர் உலகப் பத்திரிகைகளில் ஏறிற்று. 1991 முதல் அங்கே வான், கடல் துறைக் கண்காட்சி நடந்து வருகிறது. தீர்வை விலக்கு, கடற்கரை, விமான நிலையம் என்பவற்றோடு மாநாடும் சேர்ந்து அத்தீவை வளர்த்தது எனலே பொருந்தும். மாநாடு ஒன்றே வளர்த்தது என்பது மிகையாகும்.

வரவும் செலவும்

இனி, கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பேராளர் ஒருவர் நூறு வெள்ளி செலவிடுகிறார் என்க. விடுதி உள்ளூராருடையதாய், காய்கறி பக்கத்துத் தோட்டத்தினுடையதாய், துணி வெளுப்பவரும் கார் ஓட்டுபவரும் அவ்வூராராய் இருப்பின், அந்த நூறு வெள்ளி கைமாறிக் கைமாறிப் பல குடும்பங்களுக்கு உணவாகிறது. விடுதி வெளிநாட்டு நிறுவனத்தினுடையதாய், இறைச்சியும் பழமும் விமானத்தில் வந்தனவாய் இருப்பின், அதே நூறு வெள்ளியில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. இரு நகரங்களிலும் வரவு நூறு வெள்ளிதான். ஊரில் தங்கியதோ வெவ்வேறு.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. மாநாட்டு நாள்களில் அறை வாடகை ஏறும்; சாலைகள் அடைபடும். அந்நாள்களில் வர எண்ணியிருந்த பிற பயணிகள் வாராது ஒழிவர். அவர்களால் வந்திருக்கக்கூடிய பணத்தைக் கழித்த பின்னரே மாநாட்டின் வரவைச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்கும் அலங்காரத்துக்கும் பொதுப்பணத்திலிருந்து போவதையும் கழித்தல் வேண்டும். இவற்றைக் கழியாது வந்தோர் தொகையை மட்டும் பெருக்கிக் காட்டுவது, செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கணக்கு நோட்டைக் காட்டுவது போன்றதாகும்.

அப்படியாயின் மாநாடுகளால் நகரங்களுக்குப் பயனில்லையா? உண்டு. ஆனால் பெரும்பயன் அந்த வாரத்தில் கிடைப்பதன்று. அது பின்னர்க் கிடைப்பது. இதனைத் தெளிவாய்க் காட்டும் நகரம் நமக்கு அண்மையிலேயே உள்ளது.

பாண்டுங் தரும் பாடம்

ஜாவாத் தீவின் மலைப்பாங்கான நகரம் பாண்டுங். 1955 ஏப்ரல் 18 முதல் 24 வரை ஆசிய ஆப்பிரிக்க மாநாடு அங்கே கூடியது. இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகள் அழைப்பு விடுத்தன. மொத்தம் 29 நாடுகள் கலந்துகொண்டன. சுகர்ணோ தொடக்க உரை ஆற்றினார். நேரு, சூ என்லாய், நாசர், ஊ நூ, சர் ஜான் கொத்தலாவலை முதலியோர் வந்திருந்தனர். மலாயாவும் சிங்கப்பூரும் அப்போது விடுதலை பெறாதிருந்தமையால் அந்த 29இல் இடம்பெறவில்லை.

விடுதலை பெற்றுப் பத்தாண்டும் நிறையாத நாட்டுக்கு இது பெருஞ்சுமை. விருந்தினர்க்கென 14 விடுதிகளும் 31 தனி வீடுகளும் ஒழுங்கு செய்யப்பட்டன. 143 கார்களும் 30 டாக்சிகளும் 20 பேருந்துகளும் திரட்டப்பட்டன. கட்டடங்கள் புதுக்கப்பட்டன.

மாநாடு கூடிய மண்டபத்தின் வரலாறு சுவையானது. அது டச்சுத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் கூடிக் களித்த 'கொங்கோர்டியா' என்னும் சங்கத்தின் மாளிகை. ஆசிய ஆப்பிரிக்க மக்களின் விடுதலையைப் பற்றிப் பேச அதே மாளிகையைத் தேர்ந்த சுகர்ணோ, அதற்கு 'கெடுங் மெர்டேக்கா' என்று பெயரிட்டார். விடுதலை மாளிகை என்பது அதன் பொருள். முன்னிருந்த சாலை 'ஆசிய ஆப்பிரிக்கச் சாலை' ஆயிற்று.

பேராளர் ஏழு நாளில் கலைந்தனர். பெயர்கள் கலையவில்லை. 25ஆம் ஆண்டு நிறைவில், 1980 ஏப்ரல் 24 அன்று, அம்மாளிகையில் மாநாட்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மாநாட்டின் ஆவணங்களை 2015இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே ஆண்டு 60ஆம் ஆண்டு விழாவுக்காக நடைபாதைகளும் நகரச் சதுக்கமும் சீர்செய்யப்பட்டன. பல நாட்டுத் தலைவர்கள், தம் முன்னோர் நடந்த வழியே, சவோய் ஹோமன் விடுதியிலிருந்து விடுதலை மாளிகை வரை நடந்து சென்றனர். இன்றும் பள்ளி மாணவர் கூட்டங்கூட்டமாய் அம்மண்டபத்தைக் காண வருகின்றனர். பாண்டுங்கில் எரிமலையும் தேயிலைத் தோட்டமும் முன்பே இருந்தன. அவற்றோடு ஒரு வரலாற்றையும் அந்த மாநாடு தந்தது. பிற ஊர்களிலும் எரிமலை உண்டு. இவ்வரலாறு பாண்டுங்குக்கே உரியது.

தமிழ் மாநாடுகள் கண்ட நகரங்கள்

தமிழர்க்கு இத்துறையில் பட்டறிவு உண்டு. 1964 ஜனவரியில் புதுதில்லியில், கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்கு வந்திருந்தோர் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார் அதற்கு உயிர்நாடியாய் விளங்கினார். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டு ஓராண்டும் நிறையாத காலம் அது. புது நாடும் புது விமான நிலையமும் உலகத் தமிழறிஞரை வரவேற்றன.

இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் கூடியது. அண்ணா முதலமைச்சராய் இருந்த காலம். மெரினாக் கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய பதின்மரின் சிலைகள் எழுந்தன. இன்று சென்னைக்குச் செல்லும் பயணி அச்சிலைகளைக் காணாமல் கடற்கரையைக் கடப்பதில்லை. அம்மாநாட்டின் விளைவாக 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தோன்றியது. 1981இல் மதுரையில் ஐந்தாம் மாநாடு நடந்தது. அதே ஆண்டில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1995இல் தஞ்சை எட்டாம் மாநாட்டை ஏற்றபோது இராசராசன் மணிமண்டபம் எழுந்தது. பெரிய கோயிலுக்கு வருவோர் அதையும் கண்டு செல்கின்றனர்.

துயரத்தை நினைவாய்ப் பெற்ற நகரும் உண்டு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதி நாளில், காவலர் நடவடிக்கையின்போது மக்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கு எழுப்பிய நினைவுத் தூண்களை அந்நகர் இன்றும் போற்றுகிறது. மாநாடு என்பது வருவோர் செலவிடும் பணம் மட்டுமன்று, கூடும் மக்களின் உயிர்ப் பாதுகாப்புமாகும் என்பதை எந்நகரும் மறத்தலாகாது.

மூன்று கேள்விகள்

ஆகவே, ஒரு நகர் மாநாட்டை ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். வருகின்ற பணத்தில் உள்ளூர் உழைப்பாளியின் கைக்குச் சேர்வது எவ்வளவு? மாநாட்டுக்காகக் கட்டப்படுவது மாநாட்டுக்குப் பின் யாருக்குப் பயன்படும்? பத்தாண்டு கழித்து வரும் ஒருவனுக்கு, 'இங்கே இன்னது நடந்தது' என்று காட்ட எது எஞ்சும்? முதற்கேள்வி வணிகரைச் சார்ந்தது. இரண்டாவது ஆட்சியாளரைச் சார்ந்தது. மூன்றாவது ஆசிரியரையும் சார்ந்தது.

கோலாலம்பூர் 1966க்குப் பின் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை ஏற்றிருக்கிறது. இத்தனை முறை அதனை வரவேற்ற நகரம் வேறில்லை. தோட்டப் பள்ளிகளிலிருந்து மாணவர் சுற்றுலாவாகக் கோலாலம்பூருக்கு வருகின்றனர். இரட்டைக் கோபுரத்தையும் விலங்குக் காட்சிச் சாலையையும் பத்துமலையையும் கண்டு திரும்புகின்றனர். பந்தாய்ப் பள்ளத்தாக்கில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் வழியாகப் பேருந்தைச் சற்றே திருப்பி, 'உலகத் தமிழாராய்ச்சிக்கு முதல் வாயில் திறந்த ஊர் இது' என்று ஆசிரியர் ஒருவர் சொல்வாராயின், அதற்குச் செலவு ஏதுமில்லை. பாண்டுங் மண்டபம் காட்சிப் பொருளானது கற்களால் அன்று. அங்கு நடந்ததை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்தமையால். சொல்லுவாரின்றேல் சிலையும் மண்டபமும் வெறுங்கல்லே.

மாநாட்டைக் கூட்டுவது அறிஞரின் பணி. மாநாடு முடிந்த மறுநாளைக் காப்பது ஊராரின் பணி. அவ்வூராருள் முதல்வர் ஆசிரியர்.