பத்திரிகையோடு ஒரு ஊர்ப்படம்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'மண்டபத்துக்கு வழி' என்று ஒரு கட்டம் இருக்கும். ரெண்டு கோடு, ஒரு அம்புக்குறி, பெட்ரோல் பங்க், ரயில்வே கேட், நடுவில் கறுப்புப் பொட்டாக மண்டபம். அதைப் பார்த்து யாரும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. இப்போது கியூஆர் கோடும் வந்துவிட்டது. செல்போனே வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அப்படியிருக்க, விருந்தாளிகளுக்கென்று படம் போட்ட வரைபடம் எதற்கு?

முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். பந்தி முடிந்த பிறகு ராத்திரி ரயில் வரை வெளியூர்க்காரர்களுக்கு நீண்ட பகல் மிச்சம் கிடக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்று சொல்லத்தான் இந்தப் படம்.

கும்பகோணத்தில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். வரைபவருக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. தாளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வந்தால் மகாமகக் குளம். கரையைச் சுற்றி 16 சிறு மண்டபங்கள். இடமில்லை என்று பத்தோடு நிறுத்தினால் உள்ளூர்க்காரர் எண்ணிப் பார்த்துச் சொல்லிக் காட்டுவார். (2028 மகாமகத்தை ஒட்டி முகூர்த்தம் குறிப்பவர்களுக்கு எந்த வரைபடமும் உதவாது.) இன்னும் மேற்கே சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரம், அதற்கு அப்பால் பொற்றாமரைக் குளம், கும்பேஸ்வரர் கோயில். கோபுரத்தைத் தெருவைவிடப் பெரிதாகவே வரையலாம். இந்தப் படத்தில் அளவு பார்க்கக் கூடாது, ஆனால் திசையும் வரிசையும் பிசகக் கூடாது.

குறும்புக்கும் ஊரே இடம் கொடுக்கிறது. தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலின் முன்மண்டபத்துக்குக் கல்லிலேயே சக்கரமும் குதிரையும் உண்டு. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை அங்கிருந்தே கிளப்பிவிடலாம். டிகிரி காபி டபராவைப் படகாக்கிக் குளத்தில் மிதக்கவிடலாம். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதி, மணமக்களையும் சேர்த்து வார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த விளையாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1914-இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக மெக்டொனால்ட் கில் என்ற ஓவியர் நகரத்தின் வரைபடம் ஒன்றை வரைந்தார். தெருவெங்கும் குட்டி மனிதர்கள், அவர்கள் வாயில் நக்கல் வசனங்கள். ஸ்டேஷன் சுவரில் அதைப் படித்துக்கொண்டே நின்று ரயிலைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு என்று சொல்வார்கள். நம் விஷயத்தில் கோட்டைவிடப் போவது முகூர்த்தம் என்பதால், வேடிக்கையை ஓரத்தில் வைத்து, ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்குப் போகும் பாதையை மட்டும் தடித்த சிவப்புக் கோட்டில் தனித்துக் காட்டுவது உத்தமம். பக்கத்திலேயே அதே மாதிரிப் பெயரில் இன்னொரு மண்டபம் இருந்தால் அதையும் வரைந்து 'இது நம்ம கல்யாணம் இல்லை' என்று எழுதிவிடுங்கள். தெரியாத வீட்டுப் பந்தியில் சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வில்லங்கம் வருவது மனிதர்களை வரையும்போதுதான். பத்திரிகையில் பெயர் வரிசைக்கே பஞ்சாயத்து நடக்கிற வீடுகளில், பெண்ணின் பெரிய மாமா படத்தில் குட்டையாக இருந்தால் போதும், கல்யாணம் முடிந்தும் அந்தப் பேச்சு ஓயாது. மணமக்களைத் தவிர மற்ற எல்லோரையும் முதுகு காட்டி நிற்க வைப்பது புத்திசாலித்தனம்.

கோயில்களைப் படமாகப் போட்டால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். பந்தி முடித்துப் பட்டுப்புடவையோடு வெயிலில் போய் மூடிய கதவைப் பார்க்கும் அத்தை, அழைத்தவரைத்தான் திட்டுவார். எழுத்தும் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். முக்கால்வாசிப் பேர் இதை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கப்போகிறார்கள். மெல்லிய கோடும் வெளிர் நிறமும் அங்கே காணாமல் போய்விடும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஊருக்குப் புதியவர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நடந்து வரச் சொல்லுங்கள். எந்த முனையில் நின்று அவர் வழி கேட்கிறாரோ, அந்த முனையில் இருக்கும் கடையையோ மரத்தையோ படத்தில் சேர்த்துவிடுங்கள்.