தனிமையை உணர்த்தும் ஆங்கிலச் சொற்கள்

தமிழில் ‘தனிமை’ என்னுஞ் சொல் பல கருத்துக்களைத் தன்னகத்தே அடக்கி நிற்பது. ஒருவன் துணையின்றி இருத்தலும், அவ்வாறிருத்தலால் வருந்துதலும், ஆரவாரத்தை விடுத்து அமைதியை நாடி ஒதுங்குதலும் அதனாற் குறிக்கப்படும். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. அவ்வேறுபாட்டை நோக்காது எழுதும் மாணவன், இலக்கணப் பிழையின்றியே பொருட்பிழை புரிகின்றான். குகையில் தவமிருந்த முனிவரை ‘லோன்லி’ என எழுதினால், அவர் துணைக்கு ஏங்கி வாடினார் என்றே வாசகர் கொள்வர்.

‘அலோன்’ என்பது, ‘முழுதும் ஒன்று’ எனப் பொருள்படும் இரு சொற்கள் இடைக்கால ஆங்கிலத்தில் இணைந்து பிறந்தது. அருகில் வேறொருவரும் இல்லை என்பதையன்றி இன்பதுன்பங்களை அது தானாக உணர்த்தாது. அது பெயர்ச்சொல்லின் முன் அடையாக வருவதில்லை. ‘அவள் தனியே வாழ்கிறாள்’ என்பது போன்ற வாக்கியங்களில் வினையை அடுத்தே வரும்.

‘அலோன்’ என்பது முதற்குறைந்து ‘லோன்’ ஆயிற்று. அதன்வழித் தோன்றியது ‘லோன்லி’. சேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகத்திலே இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று காணப்படுகின்றது. ‘லி’ என முடிதலால் இதனை வினையடை எனக் கருதலாகாது, இது பெயரடையே. இடத்தைச் சார்ந்து வரின் ஆள் நடமாட்டமின்மையையும், மனிதரைச் சார்ந்து வரின் பெரும்பாலும் உள்ளத்தின் ஏக்கத்தையும் இது குறிக்கும். ஆதலின், திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்பவனும் ‘லோன்லி’ ஆகலாம்.

‘சொலிற்றியூட்’ இலத்தீன் மொழிவழி வந்தது. விரும்பி ஏற்ற அமைதியான தனிமைக்கு இதுவே பெரிதும் பொருந்தும். இதற்கு இனமான ‘சொலிற்றறி’ என்பதோ வெளியில் நிற்கும் ஒற்றை மரத்துக்கும், பிறரோடு பழகவிடாது சிறையில் அடைக்கப்பட்டவனின் நிலைக்கும் வழங்கும். எனவே, இனச்சொற்களாயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் எப்போதும் பொருந்தாது.

வேட்ஸ்வொர்த் டஃபோடில் மலர்களைப் பற்றிப் பாடி 1807இல் வெளியிட்ட கவிதை இதற்கு நல்ல சான்று. தனித்துத் திரியும் மேகத்துக்குத் தம்மை ஒப்பிடுகையில் ‘லோன்லி’ என்றும், பின்னர் அக்காட்சியை நினைந்து மகிழ்கையில் ‘சொலிற்றியூட்’ என்றும் அவர் சொல்லைத் தேர்ந்தார். உண்மையில், 1802 ஏப்பிரல் 15ஆம் நாள் அம்மலர்களைக் கண்டபோது தங்கை டொறதியும் உடனிருந்தார். பாட்டுக்கு வேண்டியது ஆள் கணக்கன்று, உள்ளத்தின் நிலையே என்பது இதனாற் புலனாகும்.

பிரித்தானிய அரசு 2018இல் தனிமைத் துயரைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சருக்கு அளித்தபோதும் ‘லோன்லினெஸ்’ என்ற சொல்லையே ஆண்டது. தனித்து வாழ்வோர் அனைவரும் அத்துயருடையோர் அல்லர்; குடும்பத்தோடு வாழ்வோர் அனைவரும் அதினின்று நீங்கியவரும் அல்லர்.

தமிழும் இந்நுட்பத்தை அறியாததன்று. பற்றுக்கோடற்று இரங்கும் அடியவர் தம்மைத் ‘தமியேன்’ என்பர். விரும்பி ஒதுங்கியிருத்தல் ‘ஏகாந்தம்’ எனப்படும். ஆகவே எழுதப் புகுவோன், தான் கூற வந்தது துணையின்மையா, துயரா, அமைதியா என முதலில் தமிழிலேயே தெளிதல் வேண்டும். தனியே வாழும் முதிய தாயொருத்தியைப் பற்றி அயலூரிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதுபவன் ‘அலோன்’ என்றால், அவன் ஒரு செய்தியை அறிகின்றான். ‘லோன்லி’ என்றால், அவள் மனத்துயரை அறிகின்றான். அத்துயர் உண்மையாயின் அதனை மறைத்தலும், இல்லையாயின் அதனைப் படைத்தலும் ஒரு சொல்லால் நேர்ந்துவிடும்.