இராக்காவலுக்கு ஏற்ற டார்ச்சு விளக்கைத் தெரிந்தெடுத்துப் பரீட்சித்தல்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், பாலக்கோடு தாலூகாக்களின் காட்டோரக் கிராமங்களில் வசிக்கும் குடியானவர்களுக்கு இரவில் இருவகைச் சேதம் நேரிடுகின்றது. பட்டியிலுள்ள ஆடுகளைச் சிறுத்தையும் நரியும் கவர்வது ஒன்று. கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளி முதலிய பயிர்களைக் காட்டுப்பன்றியும் யானையும் அழிப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் காவலாளி கையில் இருக்கவேண்டிய முதற் கருவி நல்ல டார்ச்சு விளக்கேயாகும். ஆயினும் சந்தையில் கண்ணைக் கவரும் விளக்கை வாங்கி, இரண்டே மாதத்தில் பரணில் எறிந்துவிடுவோரே அதிகம்.

முற்காலத்தில் இவ்விளக்கு வேட்டைக்குரியதாய் இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்பவர் (1910–1974), அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடித் துப்பாக்கியில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு இரவு முழுவதும் காத்திருந்தார். வடக்கே ருத்ரபிரயாகையில் 1926ஆம் ஆண்டு மே மாதம் ஜிம் கார்பெட் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டபோது, வெடி தீர்ந்தவுடன் அவருடைய விளக்கு அணைந்துபோயிற்று. குண்டு பட்டதோ படவில்லையோ என்று அறியாமல் விடியும்வரை மரத்தின்மேலேயே அவர் இருக்க நேர்ந்தது. பாட்டரியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டியதன் அவசியத்திற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த வேட்டை இப்பொழுது கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறுத்தையும் யானையும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. ஆகையால் இக்காலத்துக் காவலாளியின் வேலை, வந்தது யாது என்று தூரத்திலேயே அறிந்து, கூவி விரட்டி, அவசியமானால் வனத்துறையாருக்கு அறிவிப்பதே. சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிவிட்டு உறங்கச் செல்கின்றனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு வைத்த அத்தகைய கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் மட்டும் தப்பின. யானையைக் கொல்லும் கம்பி, இருட்டில் மடை திருப்பப் போகும் அண்டை வயற்காரனையும் கொல்லும். இரவில் ஆள் விழித்திருந்து காப்பதற்குச் செலவும் சிரமமும் உண்டு என்பது மெய்யே. எனினும் அதற்கு ஈடாகக் கம்பியைச் சொல்ல இயலாது.

இனி விளக்கைக் கவனிப்போம். பெட்டியின்மீது 'லூமன்' என்று அச்சிட்ட எண் விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியையே குறிக்கும். அது எட்டும் தூரத்தைக் குறிக்காது. தூரத்தைத் தீர்மானிப்பது ஒளிக்கற்றையின் செறிவு. அதன் அளவு 'கேண்டலா' எனப்படும். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் கம்பெனியார் சொல்லும் மீட்டர்க் கணக்குக் கிட்டும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர். ஆனால் அந்த 200-ஆவது மீட்டரில் விழுவது பௌர்ணமி நிலவுக்கு ஒப்பான வெளிச்சமே. கன்றா சிறுத்தையா என்று பகுத்தறிய அது போதாது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையுமாதலால், சொன்ன தூரத்தில் பாதியையே மெய்யான தூரமாகக் கொள்வது நலம். பட்டியைச் சுற்றிப் பார்க்கப் பரந்த ஒளியும், வயலின் மறுகோடியைப் பார்க்கக் குவிந்த ஒளியும் வேண்டும். இரண்டையும் ஒரே விளக்கில் நிறைவாகப் பெறுவது அரிது.

பரீட்சை செய்வது எளிது. நிலவில்லாத இரவில் வறண்ட ஏரியின் உட்புறத்தில் ஐம்பது, நூறு, நூற்றைம்பது கஜத்தில் முளையடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடவேண்டும். வெள்ளைத் துணி எந்த விளக்கிலும் தெரியும்; அதை வைத்துச் சோதிப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். பிறகு விளக்கை இரவு எட்டு மணிக்கு ஏற்றி, மணிக்கொருதரம் அதே கம்பளியைப் பார்த்து வரவேண்டும். முதல் ஐந்து நிமிஷம் பளிச்சென்று எரிந்து அப்புறம் மங்கும் விளக்குகள் பல. ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்தும், இடுப்பளவு உயரத்திலிருந்து மண்ணில் விழவிட்டும் பார்க்கலாம். இதற்குச் சம்மதியாத கடைக்காரரிடம் வாங்காதிருத்தல் உத்தமம்.

கண் மின்னுவதைக் கொண்டு விலங்கை நிச்சயிப்பது பெரும் பிழை. சிறுத்தை, நாய், ஆடு, மாடு ஆகிய எல்லாவற்றின் கண்ணிலும் பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறமும் மாறும். பன்றிக்கு அப்படலம் இல்லை, மனிதனுக்கும் இல்லை. ஆகவே மின்னல் ஒன்றும் காணவில்லை என்று வயலில் அலட்சியமாய் இறங்குபவன் பன்றிக் கூட்டத்தின் நடுவே போய் நிற்கக்கூடும். உருவத்தையும் நடையையும் கண்டபின்னரே முடிவு செய்யவேண்டும். யானையாயின் நெருங்கி முகத்தில் ஒளி பாய்ச்சுதல் ஆபத்து; தூரத்தில் நின்றே அறிந்து விலகவேண்டும்.

இருட்டுக்குக் கண் முழுவதும் பழக இருபது முதல் முப்பது நிமிஷம் செல்லும். ஒரு வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும். பரணுக்குள் புழங்குவதற்கு மங்கிய சிவப்பு விளக்கு உகந்தது.

பாட்டரி விஷயத்தில் ஏமாற்று அதிகம். 18650 என்னும் லித்தியம் பாட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல பாட்டரிகளில் 3,500 அளவே பெரும்பாலும் காணப்படும். உலர் பாட்டரியைக் காவல் இல்லாத மாதங்களில் கழற்றி வைக்காவிடில் அது கசிந்து உள்ளிருக்கும் செம்பு, பித்தளைத் தகடுகளை அரித்துவிடும்.

கிராமத்துக் காவற்காரர் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் இரண்டு மூன்று மாதிரிகளைத் தருவித்து, மேற்சொன்னபடி அங்கத்தினர் முன்னிலையில் பரீட்சித்து, தேறியதையே மொத்தமாய் வாங்குவது சிக்கனம். எல்லாம் ஒரே மாதிரியாக இருந்தால் பாட்டரியும் சார்ஜரும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள உதவும். வாங்கிய தேதியையும் உத்தரவாதச் சீட்டையும் சங்கக் காரியதரிசி பதிவேட்டில் சேர்த்து வைக்கவேண்டும்.