பச்சைக்கு வட்டம், பழுப்புக்கு ஏன் முக்கோணம்?

கேக் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். முட்டை சேர்த்திருந்தால் பழுப்பு முக்கோணம் இருக்கும். முன்பு அதுவும் வட்டம்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் அதை முக்கோணமாக்கின. ஏன்? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக.

விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் நீண்ட அலை, நடுத்தர அலை ஒளிக்கான இரண்டும் தரும் சமிக்ஞைகளை ஒப்பிட்டே சிவப்பும் பச்சையும் பிரித்தறியப்படுகின்றன. ஒரு வகை இல்லாவிட்டாலோ திரிந்திருந்தாலோ ஒப்பீடு குலைந்துவிடும். இந்த இரண்டு வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால்தான் இந்தக் குறை ஆண்களிடம் அதிகம். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு. அதுவும் கரும்பச்சையும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சைவ உணவு மட்டுமே உண்ணும் ஒருவருக்கு இது சின்ன விஷயமா என்ன?

வடிவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பு தெரிந்தால் போதும், மூலைகள் புலப்பட்டுவிடும். போக்குவரத்து விளக்கில் சிவப்பை மேலே வைப்பதும் இதே உத்தி: நிறம் கைவிட்டாலும் இடம் சொல்லும்.

ஆனால் சிறிய பொட்டலங்களில் சில மில்லிமீட்டர் அளவே விதிகளுக்குப் போதும். பளபளக்கும் பிளாஸ்டிக்கில் மை கசிந்தால் அந்த முக்கோணமும் மழுங்கிப் புள்ளியாகிவிடுகிறது.