மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், நடையையும் நிறுத்தாதீர்கள்



இந்தியப் பெண்களிடையே இன்று மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. நம் சபைகளிலும் இந்நோயைக் கடந்து வந்த சகோதரிகள் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தது, கீமோதெரபி முடிந்தது, கரண்ட் வைத்ததும் முடிந்தது. உதிர்ந்த முடி மறுபடியும் வளர்ந்துவிட்டது. வீட்டாரும் உறவினரும் "எல்லாம் சுகமாயிற்று" என்று சொல்லித் தங்கள் வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சகோதரிக்கோ தினமும் ஒரு சிறிய மாத்திரை மீதியிருக்கிறது. அதோடு, காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத வலியும் சேர்ந்துகொள்கிறது. அந்த வலியைக் குறித்தும், அதைத் தணிக்கும் ஒரு வழியைக் குறித்தும் அறிந்துகொள்வோம்.

மாத்திரை எதற்கு? வலி எதனால்?

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் துணையால் வளருகின்றன. மாதவிடாய் நின்ற பின்பு சினைப்பைகள் இதைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. ஆயினும் உடலின் கொழுப்பு முதலிய பகுதிகளில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் அந்த நொதியின் வேலையைத் தடுக்கின்றன. உடலில் எங்கேனும் மறைந்திருக்கும் புற்றுநோய் அணுக்களுக்கு ஊட்டம் கிடைக்காமற் போகிறது. இதற்காகவே மருத்துவர்கள் இம்மாத்திரையைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கும், சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறையும்போது மூட்டுகளும் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. இம்மாத்திரையை உட்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூட்டுவலியும் விறைப்பும் உண்டாகின்றன. விரல்கள், மணிக்கட்டு, முழங்கால், தோள் ஆகிய இடங்களில் இவ்வலி அதிகமாய்த் தெரியும். காலையிலும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்பும்போதும் கடுமையாக இருக்கும். இது வயோதிகத்தின் வலி என்று எண்ணிப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

மறைவாக நேரிடும் ஆபத்து

வலி பொறுக்க முடியாமல் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இந்த வலியே அவ்வாறு நிறுத்துவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று மருத்துவ ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நிறுத்தினால் சில வாரங்களில் வலி குறையலாம். ஆனால் நோய் திரும்பி வரும் அபாயம் கூடிவிடுகிறது.

"ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறவர்களும் நம் நடுவில் உண்டு. எசேக்கியா ராஜாவின் கண்ணீரைத் தேவன் கண்டார். ஆயினும் அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடை பற்றுப்போடப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. மாத்திரையை நிறுத்தும்படி ஒரு சகோதரிக்கு ஆலோசனை கூற நம்மில் ஒருவருக்கும் அதிகாரமில்லை.

ஓர் ஆய்வு கண்ட உண்மை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெலிண்டா இர்வின் என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. இம்மாத்திரைகளால் மூட்டுவலி கண்டிருந்த 121 பெண்கள் அதில் பங்கு பெற்றார்கள். அவர்கள் அதுவரை உடற்பயிற்சி அதிகம் செய்யாதவர்கள். ஒரு பகுதியினர் ஓராண்டுக் காலம், வாரத்திற்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற பயிற்சியும், வாரத்திற்கு இரண்டு முறை பயிற்சியாளரின் மேற்பார்வையில் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள்.

ஆண்டின் முடிவில், பயிற்சி செய்தவர்களின் மிகக் கடுமையான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கோ 3 சதவீதம் கூடியிருந்தது. வலி முற்றிலும் நீங்கிற்று என்று இதற்குப் பொருளல்ல. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பலனைக் காணவும் இல்லை. ஆயினும் எலும்பு, இருதயம், உடல் எடை, மனச்சோர்வு ஆகிய யாவற்றிற்கும் நன்மை செய்யும் பயிற்சி, வலியையும் தணிக்கக்கூடுமானால் அதை விட்டுவிடலாமா? வலிக்கிறது என்று அசையாமல் இருந்தால் தசை தளர்ந்து, மூட்டு இன்னும் விறைத்துப் போகும்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலாவது, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இம்மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடும். ஆகையால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைப் பற்றியும் விசாரியுங்கள். எலும்பு பலவீனம் என்று கண்டறியப்பட்டவர்கள் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, நடை. நகரத்தில் ஓர் அறை வீட்டில் குடியிருக்கும் நமக்கு ஜிம்மும் தோட்டமும் இல்லாதிருக்கலாம். மொட்டைமாடி போதும்; கட்டடத்தைச் சுற்றியுள்ள பாதை போதும். முதல் வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம் நடவுங்கள். சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்னும் அளவை எட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுவே ஏற்ற வேகம். செருப்பைவிடக் குதிகாலைத் தாங்கும் காலணி நல்லது. வீட்டு வேலை செய்வதே போதுமென்று எண்ணாதீர்கள். 

மூன்றாவது, பலப்படுத்தும் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஓய்வு விட்டுச் செய்யுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நிமிருவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்யுங்கள். எளிதாகும்போது பாரத்தைச் சற்றே கூட்டுங்கள்.

நான்காவது, காலை விறைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை அமிழ்த்தி, விரல்களை மெதுவாக மூடித் திறவுங்கள். அதன் பின்பு சமையலறைக்குச் செல்லுங்கள்.

கை வீங்கிவிடுமோ என்னும் பயம்

அக்குளில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்களிடம், "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று சொல்லப்பட்டிருக்கும். 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கைவீக்கம் ஏற்கெனவே உள்ள 141 பெண்கள் பங்கு பெற்றார்கள். மேற்பார்வையில், மெதுவாகக் கூட்டிப் பாரம் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆகையால் பயப்பட வேண்டாம். ஆனால் அவசரமும் வேண்டாம். வீக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போது அழுத்த உறை அணியுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறையாவது கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினாலும், முதுகெலும்பிலோ இடுப்பிலோ புதிதாக ஒரு வலி தோன்றி இரவிலும் விடாமல் நீடித்தாலும், அது பயிற்சியால் வந்தது என்று எண்ணித் தாமதிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி செய்தும் வலி தாங்க முடியாததாயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கக்கூடும். ஒன்றினால் வலிப்பவர்களில் சிலர் மற்றொன்றைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

கணவன்மார்களே, பிள்ளைகளே, சொந்த ஊரில் இருந்தால் தாயும் தமக்கையும் நாத்தனாரும் வந்து தாங்கியிருப்பார்கள். பிழைப்புக்காகத் தூர நகரத்திற்கு வந்துவிட்ட நமக்கு நாமேதான் உறவு. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். காலை அரைமணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னுமா வலிக்கிறது?" என்று கேளாதேயுங்கள். "வாருங்கள், நடந்துவிட்டு வருவோம்" என்று அழையுங்கள். துணையோடு நடப்பவர்கள் நடையை எளிதில் விடமாட்டார்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு சகோதரிகள் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது.

சகோதரியே, ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையென்று சோர்ந்துபோகாதீர்கள். அந்த ஆய்வில் பங்கு பெற்றவர்களும் ஓராண்டு முழுவதும் பொறுமையாய்ப் பயிற்சி செய்தவர்களே. இன்றைய மாத்திரையை உட்கொள்ளுங்கள். நாளைக் காலை 10 நிமிடம் நடவுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வலியைக் குறித்து ஒளிக்காமல் பேசுங்கள்.