மூக்கை நம்பி நன்னாரி வாங்கலாமா?

இத்தாலியில் எலுமிச்சைத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகு சேர்த்து, 'லிமோன்செல்லோ' என்னும் இனிப்பு மது செய்கிறார்கள். மணமெல்லாம் தோலில்தான். நமது நன்னாரிக்கும் மணம் வேர்ப்பட்டையில்தான். போதையில்லாத சர்பத்தாக்கி விற்கிறோம்.

ஆனால் மாகாளிக் கிழங்குக்கும் அதே மணம். இரண்டிலும் வாசனை தரும் பொருள் ஒன்றே. நம் அம்மையார்குப்பத்துக்கு அருகிலுள்ள ஆந்திர மலைகளில் விளையும் இது, நன்னாரி என்ற பெயரிலும் கைமாறுகிறது. கண்டபடி தோண்டியதால் காட்டில் அருகியும் வருகிறது.

நன்னாரி வேர் கம்பிபோல் மெல்லியது. மாகாளி தடித்துச் சதைப்பற்றாயிருக்கும். நறுக்கிவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஆகவே மொத்தக் கொள்முதலில் நாங்கள் முழு வேராகவே வாங்குகிறோம். சில்லறைக் கடைக்காரர்களும் அப்படியே கேளுங்கள். எசென்ஸ் சர்பத்தை எசென்ஸ் என்றே சொல்லி விற்போம். நாணயமே நம் முதல்!