52 நாள் ஆஸ்பத்திரி வாசம்: இரட்டைக் குழந்தைகள் வீடு வந்த கதை

ரெயில்வே பார்சல் ஆபீசில் எனக்கு வேலை. வந்து இறங்கும் மூட்டைகளை எடை போட்டு ரசீது எழுதுகிறவன். கிலோக் கணக்குதான் எனக்குத் தெரியும். ஒரு கிராமுக்கு என்ன மதிப்பு என்பதை மும்பையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில்தான் கற்றுக்கொண்டேன்.

என் மனைவிக்கு 31-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. இரட்டைக் குழந்தைகள். ஆண் 1,310 கிராம். பெண் 1,090 கிராம்.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இரட்டைக் கர்ப்பத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். அது தெரியாமல், "குழாயடியில் குடம் தூக்கினேனே, அதனால்தானா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள் என் மனைவி. பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டாக்டரம்மாதான், "உன் மேல் தப்பே இல்லை" என்று இந்தியில் அதட்டிச் சொன்னார்.

மூச்சு மறந்த மகள்

இரண்டு குழந்தைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார்கள். 34 வாரம் ஆகும்வரை பாலைச் சப்பி, விழுங்கி, மூச்சும் விடுகிற பக்குவம் பெரும்பாலும் வராது. அதுவரை வாயில் குழாய் வழியாகத்தான் பால்.

முதல் வாரம் எடை ஏறவில்லை, குறைந்தது. பயந்துபோனோம். முதலில் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும் என்றார்கள்.

9-ம் நாள் மாலை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் மூச்சு விட மறந்துவிட்டாள். மணி அடித்தது. நர்சு ஓடிவந்து அவள் உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை அழுதது. நாங்களும் அழுதோம்.

அப்பாவின் நெஞ்சுச் சூடு

அதன் பிறகுதான் "கங்காரு முறை" சொல்லிக்கொடுத்தார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. குழந்தைக்குத் தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, பெற்றவர் நெஞ்சோடு தோல் படும்படி கட்டிக்கொள்ள வேண்டும். நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது.

தாய் ஒருத்தி, குழந்தை இரண்டு. "நீங்களும் சட்டையைக் கழற்றுங்கள்" என்றார் நர்சு. கூச்சமாகத்தான் இருந்தது. மகளை நெஞ்சில் வைத்துக் கட்டியதும் கூச்சம் போய்விட்டது.

தொடக்கத்தில் இருவருக்கும் போதுமான பால் சுரக்கவில்லை. 1989-ல் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. நாங்கள் இருந்த இடத்திலும் அப்படியொரு வங்கி இருந்தது. முகம் தெரியாத தாய்மார்களின் பால் சில நாள் என் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

நான்காம் வாரம் குழாயை எடுத்தார்கள். நர்சு கையில் இருந்ததைப் பார்த்த என் மாமியார், "அட, நம்ம பாலாடை!" என்றார். நம் பாட்டிமார் பால் புகட்டிய அதே பாலாடைதான். இந்தியாவில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களும் அதை அதே பெயரில்தான் சொல்கிறார்கள்.

ஒன்று வீட்டில், ஒன்று வார்டில்

36-ம் நாள் மகன் 1,840 கிராம். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மகளோ 1,480 கிராம்தான். "இவளை விட்டுவிட்டு நான் வரமாட்டேன்" என்று என் மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எடுக்காமல் வைத்திருந்த லீவுதான் கைகொடுத்தது. மத்திய அரசு ஊழியருக்குத் தந்தை விடுப்பு 15 நாள். குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்கலாம். பகலில் நான் மகளோடு இருந்தேன். மனைவி மகனோடு வீட்டில். பிழிந்த பாலை ஐஸ் டப்பாவில் வைத்து லோக்கல் ரெயிலில் கொண்டுபோனேன். மாலையில் மகனை மாமியாரிடம் விட்டு மனைவி வருவாள். நான் வீடு திரும்புவேன்.

52-ம் நாள் மகளும் வீடு வந்தாள். எடை 1,850 கிராம்.

மறக்கக்கூடாதவை

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. தவறினால் பார்வை போகக்கூடும். ஆஸ்பத்திரி அலைச்சலில் பிறப்புப் பதிவையும் மறக்கக்கூடாது. கெடு 21 நாள்.

இ.எஸ்.ஐ. உள்ள பெண் தொழிலாளிக்கு, முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வாரம் பேறுகால உதவித்தொகை உண்டு. குறைமாதப் பிரசவத்தால் உடம்புக்கு முடியாமல் போனால் மேலும் 1 மாதம் வரை கேட்கலாம்.

இன்னொன்று. உங்கள் சாலில் யாராவது இப்படிக் குழந்தையை வார்டில் விட்டுவிட்டு அலைந்தால், காரணம் கேட்காதீர்கள். காலையில் ஒரு டிபன் கேரியரில் சோறு கொடுத்தனுப்புங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்கா அதைத்தான் செய்தார். 52 நாளும்.